விரதத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாம்

தாய்க்கோ தந்தைக்கோ புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த நாளில், வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் மருத்துவத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘அம்மாகிட்ட சொல்றதா, வேணாமா’ என்பதே அது. பல வீடுகள் மறைக்கவே முடிவு செய்கின்றன. கட்டி என்கிறார்கள், புண் என்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் கால் வைத்ததுமே பலருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. பிறகு பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று அவர்களும் தெரியாததுபோல் இருக்கத் தொடங்குகிறார்கள். ஒரே பயத்தை இரு தரப்பும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியதாகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்டு, கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்வதே நல்லது. அதற்கு மருத்துவர் துணை நிற்பார்.

இங்கே பேசுவது கர்நாடகத்தின் பேத்தமங்களா, கோலார் தங்கவயல் பக்கத்து வீடுகளைப் பற்றி. பேத்தமங்களா பாலாற்று ஏரிக்கரை ஊர். அந்த ஏரியின் தண்ணீர்தான் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியபின், தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியேறி இந்தப் பகுதியைத் தமிழ் பேசும் வட்டாரமாக்கின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் நம்பியிருந்த கம்பெனி ஆஸ்பத்திரியும் அதோடு ஓய்ந்தது. பெரிய நோய் என்றால் இன்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

நோய் வந்ததும் ‘என்ன பாவம் செஞ்சேன்’ என்ற கேள்வி பெற்றோரின் மனத்தைக் குடைகிறது. மதத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்காமென்ட், நம்பிக்கை இரு வழிகளில் வேலை செய்வதைக் காட்டினார். கடவுள் கூடவே இருக்கிறார் என்ற எண்ணம் நோயாளியைத் தாங்குகிறது. கடவுள் தண்டிக்கிறார் என்ற எண்ணமோ துன்பத்தைக் கூட்டுகிறது. நோய் தண்டனை அல்ல என்பதைத் தங்கவயலில் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். சுரங்கத்தில் துளையிடும்போது எழும் சிலிக்கா தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. பல ஆண்டுகள் அந்தத் தூசைச் சுவாசித்த ஒரு தந்தைக்கு நுரையீரலில் நோய் வந்தால், தம் பாவத்தைத் தேடுவதற்கு முன் அவர் தாம் பார்த்த வேலையை நினைத்துப் பார்ப்பதே நியாயம்.

இங்கே நம்பிக்கைக்குப் பல வாசல்கள். மாரியம்மன் கூழ், வேளாங்கண்ணி யாத்திரை, தர்காவில் துஆ எல்லாம் உண்டு. தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் வழியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே பௌத்தமும் வேரூன்றியது. நோயும் முதுமையும் எல்லோருக்கும் உரியவை என்பதே அதன் முதல் பாடம். அந்தப் பாடம் பழியை யார் தலையிலும் வைப்பதில்லை.

வேண்டுதலும் சிகிச்சையும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை. மோதல் வருவது சில குறிப்பிட்ட இடங்களில்தான். கீமோ பல நோய்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை ஏறுகிறது. மருந்து ஏறிய அடுத்த இரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் குறைந்து, சிறு தொற்றுகூட ஆபத்தாகும். அந்த நாட்களில் திருவிழாக் கூட்டம் வேண்டாம். எடை குறைந்துவரும் உடம்புக்கு உபவாசமும் ஆகாது. ஆனால் நோயாளிக்காக வேறொருவர் நேர்ந்துகொள்வது நம் மரபிலேயே உண்டு. ஆகவே விரதத்தை மகள் எடுத்துக்கொள்ளலாம், மொட்டையை மகன் போட்டுக்கொள்ளலாம். தாய் முட்டையும் பாலும் சாப்பிடட்டும். கூட்டம் கலைந்தபின் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காணிக்கையைச் செலுத்திக்கொள்ளலாம். நாட்டு மருந்து கொடுப்பதானால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையை நிறுத்திவிட்டு வா என்று சொல்பவர் எந்த மதத்தின் பெயரால் பேசினாலும், அவர் பேச்சைக் கேட்கக்கூடாது.

ஆதரவு என்பது ஆறுதல் வார்த்தையோடு நின்றுவிடுவதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, பல வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் நடக்கும். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தங்கவயல் பிள்ளைகளுக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது. எந்த நாள் யார் கூடப் போவது, ஃபைலை யார் வைத்துக்கொள்வது, ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா அட்டைக்கு யார் அலைவது என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இது வீட்டிலிருக்கும் ஒரே மகள் அல்லது மருமகள் தலையில்தான் விழுகிறது. அவர் ஓய்வில்லாமல் ஓடி ஒருநாள் படுத்துவிடுகிறார். வெளியூரில் இருப்பவர் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று நினைக்கலாகாது. மாதம் இரண்டு நாளாவது வந்து அந்த மகளைத் தூங்கவிடுவது பெரிய உதவி. சர்ச்சிலும் கோயிலிலும் ஜபம் செய்யும் குழுவினர் ரத்தம் தரலாம், ஒருவேளை சோறு கொண்டுவரலாம்.

குணமாகாது என்று தெரிந்தபின்னும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பெங்களூரு மாரத்தஹள்ளியில் உள்ள கருணாஸ்ரயா, முற்றிய நிலைப் புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்கிறது. வலியைத் தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதில் இருந்த சட்டத் தடைகளை 2014இல் வந்த திருத்தம் தளர்த்தியது. வலிக்கு அதை முறையாகக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சத் தேவையில்லை. வலி அடங்கியபின்தான் பெற்றோரால் ஜபம் சொல்லவும், பேரப்பிள்ளையோடு பேசவும், எங்கே இருக்க விருப்பம் என்று சொல்லவும் முடிகிறது. அந்த விருப்பத்தைப் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். பலர் ஐசியுவைக் கேட்பதில்லை. தம் வீட்டுத் திண்ணையையே கேட்கிறார்கள்.