கூரையும் அடுப்படியும்

சாரல் பருவம். மேற்கே மலைத்தொடர் முகிலுக்குள் மறைந்திருந்தது. அச்சன்புதூர்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடை. விசுப்பலகையின் மீது நாளேடு விரிந்து கிடந்தது. இலங்கைச் செய்தியொன்றைப் படித்து முடித்த நம் இளந்தோழர் ஒருவர் சீறினார்: "பேசுவது தமிழ், படிப்பது தமிழ், தாலாட்டுவதும் தமிழ். ஆயினும் அந்நாட்டு முஸ்லிம்கள் தாங்கள் தமிழர் அல்லர் என்கிறார்களே! இதைவிடப் பெரிய அறியாமை உண்டா?"

எதிரே அமர்ந்திருந்த பெரியவர் கொழும்பில் பல ஆண்டுகள் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். முஸ்லிம். தம்மைத் தமிழர் என்று கூறிக்கொள்ள ஒருநாளும் தயங்காதவர். குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, தெருவில் போகிறவனுக்கு வீட்டுக் கூரை தெரியும். அடுப்படி தெரியாது."

"அப்படியானால் நாங்கள் வாயே திறக்கக் கூடாதா, பாய்?"

பெரியவர் சிரித்தாரே தவிர விடை கூறவில்லை. அவர் கூறாது விட்ட விடையை நாம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாட்டின் அரசியலை, அங்கு வாழும் மக்களின் தன்னடையாளத்தை, வெளியிலிருப்போர் உண்மையாகவே புரிந்துகொள்ள முடியுமா?

முடியவே முடியாது என்பர் ஒரு சாரார். ஏன் முடியாது, மொழி ஒன்று, இனம் ஒன்று, உள்ளமும் ஒன்று என்பர் மற்றொரு சாரார். இருவரையும் சற்றே நிறுத்திவைத்து விசாரிப்போம்.

முதலில், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்போரைக் கவனிப்போம். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யார் கேட்கிறார்கள்? 1946 இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா முறையிட்டது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்க அரசு. அன்று அந்த வாதத்தை ஏற்க மறுத்த இந்தியா, 2001 இல் என்ன செய்தது தெரியுமா? அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியது. சாதிக் கொடுமையையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று ஒடுக்கப்பட்டோரின் அமைப்புகள் கோரின. சாதி வேறு, இனவெறி வேறு, அது எங்கள் வீட்டு விஷயம் என்று இந்திய அரசு எதிர்த்தது! அன்று எந்தக் கேடயத்தை உடைக்க முயன்றதோ, அதே கேடயத்தைத் தானே கையில் ஏந்திற்று.

"வெளியாருக்குப் புரியாது" என்ற சொல் உதைபடுவோன் வாயிலிருந்து வருவது அரிது. உதைப்போன் வாயிலிருந்துதான் அது முதலில் வரும். உதைபடுவோன் கதவைத் திறக்கச் சொல்லுகிறான். உதைப்போன் கதவைத் தாழிடுகிறான். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வாய்பொத்தி நிற்பது பகுத்தறிவாகாது.

உள்ளே இருப்பதனால் மட்டும் புரிந்துவிடுமா? அதற்கும் விடை நம் வட்டாரத்திலேயே கிடக்கிறது. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவினர். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று புதுப்பெயரும் சூட்டிக்கொண்டனர். நாடே அதிர்ந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தனர், செய்தியாளர் வந்தனர். அரபு நாட்டுப் பணம் செய்த வேலை என்று பலர் முடிவு கட்டினர். வந்தவர்கள் முடிவைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வந்த இடத்தில் தேடியது சான்று மட்டுமே. தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், மனிதன் என்று பிறர் மதிக்க வேண்டும் என்று அம்மக்கள் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை.

வெளியார் நிலை இது. உள்ளூர்க்காரர் நிலை என்ன? தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில், கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த மேல்சாதியினருக்கு அந்த மக்களின் உள்ளக் கொதிப்பு தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் வியப்பு ஏன்? அதிர்ச்சி ஏன்? ஒரே ஊர்தான், ஒரே மொழிதான், ஒரே மழையில்தான் நனைந்தார்கள். ஆயினும் அடுத்த தெருவின் அடுப்படியை அவர்கள் எட்டிப் பார்த்ததே இல்லை. ஓர் ஊருக்குள்ளேயே பல வெளியூர்கள் உண்டு, தோழர்களே!

வெளியாரின் ஆற்றலும் குறையும் ஒரே மனிதரிடம் வெளிப்பட்டதற்கும் நெல்லைச் சீமையே சான்று தருகிறது. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841 இல் இடையன்குடிக்கு வந்தார். 1856 இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழும் அதன் உறவு மொழிகளும் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று நிலைநாட்டியது. நம் இயக்கம் தாங்கி நிற்கும் பெயரிலேயே ஒரு வெளியாரின் உழைப்பு கலந்திருக்கிறது. இதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை.

அதே கால்டுவெல் 1849 இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களே பின்னர் அதைப் படித்தபோது கொதித்தெழுந்தார்கள். தங்களை இழிவாக, அறிவு குன்றியவர்களாக எழுதிவிட்டார் என்று எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஒரே அறிஞர், ஒரே பேனா, ஒரே ஊர். ஒன்றில் வென்றார், மற்றொன்றில் சறுக்கினார். ஏன்? மொழியை ஆராய்ந்தபோது சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டார், இலக்கணத்தை இலக்கணத்தோடு உரைத்துப் பார்த்தார். மக்களை எழுதியபோதோ, தாம் வந்த நாட்டின் அளவுகோலை அவர்கள் தலைமீது வைத்து, குள்ளம் என்று தீர்ப்பளித்தார். அளக்கப்பட்டவரிடம் "இது நீதானா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது.

இனி இரண்டாம் சாராரிடம் வருவோம். மொழி ஒன்று, இனம் ஒன்று என்போர் அவர்கள். மறைப்பானேன், அவர்கள் நாமேதான். கால்டுவெல்லின் தவற்றைச் சுட்டிய விரல் இப்போது நம் பக்கம் திரும்பட்டும்.

"தமிழன்" என்ற சொல் இங்கே செய்த வேலை என்ன? சாதிச் சுவரில் ஓட்டை போட்டது. நீ என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டவனை அடக்கியது. கடையநல்லூர் முஸ்லிமும் நாசரேத்துக் கிறித்தவரும் அந்தச் சொல்லின் நிழலில் ஒருங்கே நின்றனர். ஆகவே நமக்கு அது விடுதலைச் சொல்.

அதே சொல் கடலுக்கு அப்பால் வேறொரு வேலை செய்தது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, வேறுபாடு மதத்தில் மட்டுமே என்று வாதிட்டு ஆய்வுரை படித்தார். சட்டசபையில் சோனகருக்குத் தனி இடம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த வேளை அது. அவர்களுக்கு 1889 இல் தனி உறுப்பினர் இடம் கிடைத்தது. 1915 இல் சிங்களர், முஸ்லிம்கள் மீது பாய்ந்த கலவரம் மூண்டது. இங்கிருந்து சென்று வணிகம் செய்த முஸ்லிம்களும் தாக்கப்பட்டனர். அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டது. அவர்களுக்காக வாதாட இராமநாதன் இங்கிலாந்து வரை சென்றார். திரும்பி வந்தபோது சிங்களப் பிரமுகர்கள் அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்று பெருமைப்படுத்தினர். இராணுவச் சட்டத்தின் அத்துமீறலை எதிர்த்தது நீதியாகவே இருக்கலாம். ஆனால் கடை எரிந்து நின்ற முஸ்லிமின் கண்ணில் அந்த ஊர்வலம் எப்படித் தெரிந்திருக்கும்?

பிறகு 1990 வந்தது. ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட கெடு இரண்டு மணி நேரம்! தமிழ் பேசியவர்களைத் தமிழின் பெயராலேயே விரட்டினர். அன்று இங்கே நம் மேடைகளில் எத்தனை மேடை இதைப் பேசிற்று?

இளந்தோழர் அறியாமை என்று சீறியதற்குப் பின்னே இத்தனை வரலாறு இருக்கிறது. "நான் தமிழன் அல்லன்" என்று அந்த மனிதர் கூறும்போது அவர் மொழியியல் பேசவில்லை, தம் பாதுகாப்பைப் பேசுகிறார். சொல் ஒன்றுதான். அது இங்கே கூரை, அங்கே அவருக்கு இடி. நாம் கூரையை மட்டும் பார்த்துக் கூவினோம்.

மலையகத்து மக்களைப் பற்றியும் நாம் அறிந்தது குறைவே. காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் தலைமுறைகளாக உழைத்தவர்கள் அவர்கள். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்த அரசிலேயே அதே ஆண்டில் யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். அதைப் பொறாத செல்வநாயகம் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சி கண்டார். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றனர். ஆடு மாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். "நீங்கள் யார்? எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்று அந்த மக்களைக் கேட்டவர் இல்லை. அங்கே "இந்தியர்" என்றனர். கப்பலேறி இங்கே வந்தபின் "சிலோன்காரர்" என்றோம். இரு நாடும் அவர்களுக்குப் பெயர் வைத்தன. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் எது என்று எவரும் கேட்கவில்லை.

இப்போது பெரியவர் விடுத்த புதிருக்கு விடை தெளிவாகிறது. வீடு எரிகிறது என்று கூவுவதற்கு அடுப்படி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூரைமேல் எழும் புகையே போதும். 1983 இல் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோதும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் மடிந்தபோதும், "இது கொடுமை" என்று சொல்ல நமக்கு எவருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை. ஐரோப்பியனுக்கும் உண்டு அந்த உரிமை, ஆப்பிரிக்கனுக்கும் உண்டு. நம் சேரிகளைப் பார்த்து அவர்கள் கூவும்போது நாமும் அதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் வாழ்வோர் யார், அவர்களுக்குள் உறவு என்ன, இனி எப்படி வாழ்வது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். தெருவில் நிற்போன் அதைத் தீர்மானித்தல் ஆகாது. கொடுமையைக் கண்டிக்கும் உரிமை உலகுக்கே உண்டு. ஒருவன் யார் என்று சொல்லும் உரிமை அவனுக்கே உண்டு.

"அப்படியானால் ஒருவன் தன்னைப் பிறவியிலேயே உயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால் அதையும் ஏற்பதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவன் தன்னைப் பற்றி மட்டும் பேசவில்லையே! "நான் உயர்ந்தவன்" என்ற சொல்லுக்குள் "நீ தாழ்ந்தவன்" என்ற சொல் ஒளிந்திருக்கிறது. பிறருக்கு இழிபெயர் சூட்டும் தன்னடையாளம் தன்னடையாளமாகாது, அது ஆதிக்கம். காத்தான்குடி முஸ்லிமும் மலையகத் தொழிலாளியும் எவர் தலைமீதும் ஏறி நிற்கவில்லை. ஏறியோரின் காலைத் தம் தோளிலிருந்து இறக்கிவைக்கிறார்கள், அவ்வளவே.

சுயமரியாதை என்று நாம் எதைச் சொன்னோம்? சாத்திரம் எழுதியவன் நமக்குச் "சூத்திரன்" என்று பெயர் வைத்தான். அந்தப் பெயரை நாம் ஏற்க மறுத்தோம், எங்கள் பெயரை நாங்களே சொல்வோம் என்றோம். அதுவே இயக்கத்தின் மூச்சு. பிறர் வைத்த பெயரை உதறியவர்கள், பிறருக்குப் பெயர் வைக்கக் கிளம்பலாமா?

கடல் கடந்து சென்றுதான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர் ஆயிரக்கணக்கில் தமிழகத்து முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம், நன்று. 2019 இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பதையும் மேடைதோறும் முழங்கினோம், அதுவும் நன்று. ஆனால் தோழர்களே, அந்த முகாமொன்றின் குடிசைக்குள் சென்று, ஒரு தாயின் எதிரே அமர்ந்து, "அங்கே என்ன நடந்தது? இனி என்ன வேண்டும்?" என்று கேட்டு, விடை முடியும்வரை குறுக்கிடாமல் இருந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அச்சன்புதூர்த் தேநீர்க் கடையில் நம் இளந்தோழர் அன்று இரண்டாவது குவளைக்குச் சொன்னார். நாளேட்டை மடித்து வைத்தார். "கொழும்பில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், பாய்" என்றார். சாரல் நிற்கும்வரை பெரியவர் பேசினார். அவர் கேட்டார்.