பகலில் கேளுங்கள்

பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில், குதிரை மேல் அமர்ந்த மனிதர்களை வெள்ளை நிறத்தில் யாரோ வரைந்துவைத்தார்கள். அதைப் பாதுகாக்கச் சொல்கிறோம். அதே மாவட்டத்து ஓசூரில் கடை ஷட்டரில் ராத்திரியோடு ராத்திரியாக வரையும் பையனைக் காலிப்பயல் என்கிறோம். கடைக்காரர் கோபம் நியாயம்தான். பெயின்ட் அடித்த காசு அவருடையது. சுவரைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்கிய காலம் உண்டு. 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் எழுந்தபின் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். அங்கே சுவரைக் கேட்டு வாங்கினார்கள். ஓசூர்க் கடைக்காரர் ஒருவர் பகலில் அந்தப் பையனைக் கூப்பிடட்டும்: "தம்பி, கடைப் பேரைத் தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதித் தர்றியா? கூலி எவ்வளவு?"