யார் வீட்டுப் பிள்ளை?

"நம்ம இந்துப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு உதவி எண் வேணும்." ஜொகூரில் நம் இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தப் போனை எடுப்பவர் முதலில் என்ன கேட்பார் என்பதில்தான் எனக்குப் பயம்.

நம் பெரியவர்கள் ஒரு பையனைப் பார்த்ததும் கேட்பது என்ன? "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தாமான்?" அன்பில்தான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் அது இனிமை. இரவு இரண்டு மணிக்கு அழுதுகொண்டே பேசுபவன், அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவான்.

என் விடுதி நண்பன் மூன்று பாடங்களில் தோற்றுவிட்டு அறையை விட்டே வெளியே வரவில்லை. கோயிலில் பழக்கமான அண்ணன் ஒருவரிடம் பேசச் சொன்னேன். "ஐயோ, அவருக்குத் தெரிஞ்சா எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரிடா!" அந்த அண்ணன் நல்லவர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நெருக்கம்தான் தடை.

அப்படியானால் பொதுவான எண்ணே போதாதா? கோலாலம்பூரில் 1970-இலிருந்து பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறது. 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். இன்றிரவே யாருக்காவது தேவைப்பட்டால் அதை அழையுங்கள், நம் திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் ஜாதகம் பொருந்தாத காதலையும், சாதி பார்க்கிற தாத்தாவையும் முதலிலிருந்து விளக்குவதிலேயே பாதித் தெம்பு போய்விடும். பிரிட்டனில் முஸ்லிம் இளைஞர்கள் 2001-இல் தங்களுக்கென 'முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன்' தொடங்கினார்கள். வீட்டையும் மதத்தையும் விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒரு காது அவர்களுக்கும் தேவைப்பட்டது.

நம்மவர் எடுத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: உபதேசம். "எல்லாம் கர்மா தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அர்ஜுனன் கலங்கிப் புலம்புகிறான். கண்ணன் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. உபதேசமெல்லாம் இரண்டாம் அத்தியாயத்தில்தான். நாம் முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்.

1953-இல் லண்டனில் சமாரிட்டன்ஸைத் தொடங்கிய பாதிரியார் சாட் வாராவும் இதைக் கண்டார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. அவரைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

ரகசியத்துக்கு எல்லை உண்டா? உயிருக்கு ஆபத்தென்றால் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு அப்புறம் மீறுவது நம்பிக்கைத் துரோகம். 2023 வரை நம் நாட்டில் தற்கொலை முயற்சியே குற்றம், தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. "மானம் போச்சு" என்கிற நம் வீட்டுப் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

எண் தொடங்கினால் ஒரு யோசனை. ஜொகூரிலிருந்து வரும் அழைப்பைப் பினாங்கில் இருப்பவர் எடுக்கட்டும்; கெடா அழைப்பை நம் ஸ்கூடாய்ப் பிள்ளைகள் எடுக்கட்டும். இணைப்பை அப்படித் திருப்பிவிடுவது பெரிய காரியமில்லை, எங்கள் துறையில் இரண்டாமாண்டு மாணவனே செய்துவிடுவான். பயிற்சிதான் கஷ்டம். "நீங்க எந்த ஊரு?" என்று வாய்வரை வந்ததை விழுங்குவதற்கு எத்தனை வாரம் ஆகுமோ!