கனெக்ட் ஆக மாட்டேங்குது

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புது லேப்டாப் வீட்டு வைஃபையோடு சேரவில்லை. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். கொஞ்ச நேரம் புள்ளிகள் ஓடின. பிறகு, இந்த நெட்வொர்க்குடன் இணைய முடியவில்லை என்று ஒரு வரி. ஏன் என்று இல்லை. அந்த ஒற்றை வரியோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன்.

முதல் ராத்திரி எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தேன். பாஸ்வேர்டில் இருப்பது ஆங்கில ஓவா பூஜ்யமா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். தேதி, நேரம் சரியா என்று பார்த்தேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். கடைசியில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தால் லேப்டாப் இரண்டு நொடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஆக, லேப்டாப்பில் கோளாறு இல்லை. அதே ரூட்டரில் என் போன், அம்மா போன், டிவி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஆக, ரூட்டரிலும் கோளாறு இல்லை. ரெண்டு பேருமே நல்லவங்கதான், ஆனா ஒத்துவரலை என்று விவாகரத்துக் கேஸில் சொல்வார்களே, அந்த மாதிரி.

லேப்டாப் கடைக்காரர் போனில், "ரூட்டர்ல ப்ராப்ளம் சார்" என்றார். இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால், "லேப்டாப்ல இருக்கும் சார், நம்ம லைன் பக்கா" என்றார்கள். எனக்கோ நான்தான் ஏதோ தப்பு செய்கிறேன் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஐடியில் பத்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வைஃபை போடத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "மாடில இருந்தானே அந்தப் பையன், அவன் இருந்தா பத்து நிமிஷத்துல பார்த்துக் குடுத்திருப்பான்."

அப்போது கூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது ராத்திரி கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்தேன். கடந்த மூன்று நாளில் வைஃபையில் என்னென்ன நடந்தது என்று அறிக்கை எடுத்துத் தரும் கட்டளை ஒன்று விண்டோஸில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. ஒரு கருவி வைஃபையில் சேரும்போது முதலில் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறது. வா என்றால்தான் அடுத்து பாஸ்வேர்டு சோதனை. அது ஓர் அழகான ஏற்பாடு. நான்கு செய்திகள் போய் வரும். அவற்றில் பாஸ்வேர்டு எங்குமே இருக்காது. ஆனாலும் இருவருக்கும் அது தெரியும் என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் நிரூபித்துவிடுவார்கள். என் லேப்டாப் அந்த இடத்துக்கே போகவில்லை. பாஸ்வேர்டு சரியா தப்பா என்ற கேள்வியே எழவில்லை. ஆளைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறது ரூட்டர்.

இப்படித் திருப்பி அனுப்பும் பதிலில் ஓர் எண்ணுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். வைஃபையின் சர்வதேசத் தரத்தில் இந்த எண்களுக்குப் பெரிய பட்டியலே உண்டு. அதில் எண் 1-க்கு அர்த்தம், காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பது. காரணம் சொல்லாமல் விடுவதற்கும் ஒரு எண்ணை ஒதுக்கிய அந்தப் பொறியாளர்கள் மனிதர்களை நன்றாகப் புரிந்தவர்கள்.

பழைய லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டருக்குள் போனேன். பாதுகாப்பு என்ற பக்கத்தில் மேக் ஃபில்டர் என்று ஒரு பெட்டி டிக் ஆகியிருந்தது. உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் 12 இலக்கத்தில் ஒரு முகவரி உண்டு. அதைத்தான் மேக் முகவரி என்கிறார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் விடு, மற்ற யாரையும் விடாதே என்று ரூட்டருக்குச் சொல்லிவைக்கலாம். பட்டியலில் ஐந்து முகவரிகள் இருந்தன. பக்கத்தில் பெயர்கள்: அம்மா, நான், டிவி, ஆபீஸ், பழசு. எல்லாம் நான் அடித்த பெயர்கள். அந்த ஃபில்டரைப் போட்டது நான்.

2020. ஊரடங்கு. மாடியில் ஒற்றை அறையில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அவருக்குக் கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை. கல்யாணமே நடக்காத மாதங்கள் அவை. பையன் எட்டாவது படித்தான். ஆன்லைன் கிளாஸ் ஆரம்பித்ததும் அவன் அம்மா தயங்கித் தயங்கி வந்து கேட்டார். எங்கள் அம்மா எனக்கு முன்னாலேயே, "அதுக்கென்ன, போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நானே பாஸ்வேர்டை அவன் அப்பா போனில் போட்டுக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். காலையில் நான் பால் வாங்கக் கதவைத் திறந்தால் அவன் காதில் ஹெட்செட்டோடு, "ப்ரெசன்ட் மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

கொஞ்ச நாளில் என்னுடைய ஆபீஸ் மீட்டிங்குகள் அறுபட ஆரம்பித்தன. நான் பேசிக்கொண்டே இருப்பேன், அந்தப் பக்கம் என் முகம் கோணலாக உறைந்து நிற்கும். ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பயம். பையனால்தான் லைன் இழுக்கிறது என்று முடிவு செய்தேன். அளந்து பார்க்கவில்லை. முடிவு செய்தேன், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவன் வந்து புதுசு என்னன்னு கேட்பான். தர முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அம்மாவுக்குத் தெரிந்தால் அது தனிக் கச்சேரி. மேக் ஃபில்டர் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பாஸ்வேர்டு அதேதான். போனில் வைஃபை பெயர் அப்படியே தெரியும். சேர மட்டும் சேராது.

மறுநாள் வாசலில் வந்து நின்றான். "அண்ணா, நெட் கனெக்ட் ஆக மாட்டேங்குது."

"எங்களுக்கும் அப்பப்ப அப்படித்தாம்ப்பா ஆவுது. கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கேன்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். தமிழில் பல வினைகளுக்கு இப்படி ஜோடி உண்டு. தன்வினை பக்கம் நின்றுகொண்டால் செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணாடி உடைஞ்சிடுச்சு. பால் பொங்கிடுச்சு. நெட் கனெக்ட் ஆக மாட்டேங்குது. அந்தப் பையன் சொன்ன வாக்கியத்தில் எழுவாயாக நெட் இருந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாமல் செய்ததுதான் அந்த ஃபில்டரின் வேலை.

இந்த இரண்டு ராத்திரிக்குப் பிறகு என்னைக் குடைவது ஒரு கேள்வி. மறுப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா?

எப்போதும் இல்லை என்றுதான் முதலில் தோன்றுகிறது. காதலைச் சொல்லி நிற்பவனிடம் ஒரு பெண் வேண்டாம் என்றால் முடிந்தது. காரணம் சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவான். நேரம் இல்லை என்றால், எப்ப இருக்கும் என்பான். வங்கியின் இணையதளம் நுழைவை மறுக்கும்போது பெயர் தவறா பாஸ்வேர்டு தவறா என்று பிரித்துச் சொல்லாமல் இரண்டில் ஒன்று தவறு என்று மொத்தமாகச் சொல்வதும் இதனால்தான். பிரித்துச் சொன்னால் திருடனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். காரணத்தை மறைப்பது சில இடங்களில் பலவீனமானவரின் ஒரே கதவுத் தாழ்ப்பாள்.

ஆனால் அதிகாரம் மறுப்பவர் கையில் இருக்கும்போது கதை வேறு. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை மத்திய அரசு முடக்கியது. காரணம் கேட்டார். பொதுநலன் கருதிக் காரணத்தைத் தர இயலாது என்று பதில் வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, சட்டம் வகுத்த நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது. தகவல் தர மறுத்தால், மறுப்புக்கான காரணத்தையும், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சேர்த்தே எழுதித் தர வேண்டும்.

காரணத்தை எழுதச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சொல்லப்பட்ட காரணத்தைத்தான் சரிபார்க்க முடியும். என் மீட்டிங்குகள் ஃபில்டர் போட்ட பிறகும் அறுந்தன. இரண்டு மாதம் கழித்து வந்த லைன்மேன், கம்பத்துக்குப் பக்கத்தில் எலி கடித்த கேபிளை மாற்றினார். அன்றோடு சரியாகிவிட்டது. "நீ கிளாஸ் போடுறதால எனக்கு மீட்டிங் கட் ஆவுதுடா" என்று நான் சொல்லியிருந்தால், "நான் இன்னைக்குப் போடவே இல்லையேண்ணா, இன்னைக்குமா கட் ஆச்சு?" என்று அவன் கேட்டிருப்பான். எட்டாவது படிக்கிற பையனுக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போகாது. கேபிளை மாற்றிய பிறகாவது ஃபில்டரை எடுத்தேனா என்றால், இல்லை. அதற்குள் அது எனக்கு மறந்தே போய்விட்டது.

மேனகா காந்திக்காவது ஒரு கடிதம் வந்தது. மறுத்தது யார் என்று தெரியும், யார் மேல் வழக்குப் போடலாம் என்று தெரியும். காரணம் சொல்லாத மறுப்பைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மறுப்பு என்றே தெரியாத மறுப்பு. என் நண்பர் ஒருவர் இஸ்லாமியர். சென்னையில் வீடு தேடிப் போனால் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். பேரைக் கேட்டதும், "அடடா, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். அடுத்த வாரமும் டூலெட் போர்டு அங்கேயே தொங்கும். இதைச் சொல்லி அந்த வீட்டுக்காரர்களைத் திட்டித் திட்டி நான் பல டீ குடித்திருக்கிறேன்.

பொய்யும் வாய்மைக்கு நிகராகும் ஓர் இடத்தை வள்ளுவர் விட்டுவைத்திருக்கிறார். அதற்கு அவர் போடும் நிபந்தனை, குற்றமற்ற நன்மை. என் பொய்யில் நன்மை யாருக்கு? மீட்டிங்கில் என் முகம் கோணாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. மேக் ஃபில்டர் உண்மையில் பூட்டே இல்லை. முகவரி காற்றில் வெளிப்படையாகத்தான் போகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவன் பட்டியலில் உள்ள ஒரு முகவரியைப் பார்த்துத் தன் கருவிக்கு அதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். திருடனை அது நிறுத்தாது. படிக்கட்டில் உட்கார்ந்து, போனை அணைத்து அணைத்துப் போடுகிற பையனை மட்டும் நிறுத்தும்.

அணைத்துப் போட்டிருப்பான். பாஸ்வேர்டை மறுபடி மறுபடி அடித்திருப்பான். நான் இந்த இரண்டு ராத்திரி செய்த அத்தனையும் அவனும் செய்திருப்பான். இது என் ஊகம். ஆனால் ஒன்று மட்டும் ஊகம் இல்லை. ஒரு வாரம் கழித்து அவன் அம்மா தண்ணீர் பிடிக்க வந்தபோது எங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போனைக் கடைல குடுத்துப் பார்த்தோம்க்கா. வைஃபை ஐசி போயிடுச்சாம். அறுநூறு ரூபா வாங்கிட்டான். அப்பவும் உங்க நெட்டு வரலை. இவன்தான் கேம் விளையாடிப் போனைக் கெடுத்துட்டான்னு அவங்கப்பா போட்டு அடிச்சிட்டாரு."

நான் உள்ளே மீட்டிங்கில் இருந்தேன். மைக் மியூட்டில் இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

அடுத்த வருடம் அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் என்று அம்மா சொன்னாள். நம்பர் எதுவும் என்னிடம் இல்லை. அம்மாவிடம் இருக்கலாம்.

புது லேப்டாப்பின் முகவரியைப் பட்டியலில் ஆறாவதாகச் சேர்க்கப் போனேன். பாதி அடித்துவிட்டு நிறுத்தினேன். மேலே இருந்த டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்தேன். ரூட்டர் அணைந்து எழுந்தது. லேப்டாப் தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டது.

"சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா. "என்னவாம்?"

"ஏதோ செட்டிங் மாறியிருந்ததும்மா" என்றேன்.