வெற்றி யார் கணக்கில்?

இண்டியானா மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் 1910இல் பிறந்த ஜான் வுடன், பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடி, 1930 முதல் 1932 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியச் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். படிப்பு முடிந்ததும் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தபடியே பயிற்சியாளரானார். முதல் ஆண்டில் அவரது அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

முயன்றும் தோற்றவன் தோற்றவன்தானா? மதிப்பெண் குறைந்த மாணவனைப் பெற்றோர் ஏசுவதைப் பார்த்தபோது அவருக்குள் எழுந்த கேள்வி இது. நம்மால் இயன்றதை முழுமையாகச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவே வெற்றி என்று 1934இல் அவர் வரையறுத்தார். அதிலிருந்து வளர்ந்த ‘வெற்றிப் பிரமிடு’க்கு அடித்தளத்தின் இரு மூலைக்கற்கள் உழைப்பும் உற்சாகமும், உச்சியை ஒட்டி நம்பிக்கையும் பொறுமையும். விளைவைக் கடவுளிடம் விட்டுவிடும் கிறிஸ்தவ மனம் அதில் தெரிகிறது.

நடைமுறையில் இந்தத் தத்துவம் சாக்ஸ் அணிவதில் தொடங்கியது. 1948இல் அவர் பொறுப்பேற்ற யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியில், பருவத்தின் முதல் பாடமே அதுதான்: குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும், சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆட்டம் போயிற்று. பிறகுதான் ஷூ நாடா.

1964 முதல் 1975 வரை அந்த அணி 10 தேசியப் பட்டங்களை வென்றது. பட்டங்கள் இல்லாவிட்டால் இந்த வரையறையை யார் கேட்டிருப்பார்கள் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் வரையறை பிறந்து 30 ஆண்டுகள் கழித்தே முதல் பட்டம் வந்தது.