நின்ற எஞ்சினும் பழைய சந்தாவும்

போரிசோவ் நகரத்துக் கால்பந்துக் கிளப்பின் வெற்றிப் பட்டியலில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1974, 1976, 1979: சோவியத் காலத்துப் பெலாருஸ் குடியரசின் சாம்பியன். பிறகு 1999: சுதந்திர பெலாருஸின் சாம்பியன். ஒரே பெயரின் கீழ் வரிசையாக அச்சாகியிருக்கிறது. ஆனால் 1984இல் அந்தக் கிளப் கலைக்கப்பட்டுவிட்டது. 1996வரை அது இல்லை. மோசமாக ஆடியது என்றில்லை, இல்லவே இல்லை. இல்லாமற்போன ஒன்று 12 வருஷம் கழித்து வந்து, பழைய வெற்றிகளைத் தன்னுடையவை என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

விளையாட்டு விஷயத்துக்கு இவ்வளவு விசாரம் எதற்கு என்று கேட்கலாம். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒன்றுதான் என்பதை நாம் யோசிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம். உடம்பு சாட்சி சொல்லிவிடுகிறது. கிளப்புக்கு உடம்பு கிடையாது. கேள்வி அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

கிளப் 1973இல் ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் மின்சாதனங்கள் செய்யும் ஆலை. ‘பாத்தே’ என்ற பெயரே அந்த ஆலையின் முதலெழுத்துகள்தான்: போரிசோவ், ஆட்டோ, டிராக்டர், எலெக்ட்ரோ. கால்பந்து என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஊர், தலைநகர் மின்ஸ்க்கிலிருந்து 70 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, பெரெஸினா நதிக்கரையில் இருக்கிறது. 1996இல் அனத்தோலி காப்ஸ்கி என்பவரின் முயற்சியால் கிளப் அதே பெயரில் மறுபடி தோன்றியது. அவர் பிற்பாடு ஆலைக்கும் டைரக்டரானார். அந்த வருஷம் மூன்றாவது டிவிஷனில் முதலிடம். 1997இல் இரண்டாவது டிவிஷனில் முதலிடம். 1998இல் தலைமை டிவிஷனில் இரண்டாமிடம். 1999இல் சாம்பியன்.

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் பௌத்த பிக்கு நாகசேனருக்கும் நடந்த விவாதம் நமக்குத் தெரிந்ததுதான். சக்கரமா ரதம், அச்சா ரதம், நுகத்தடியா ரதம்? எதுவும் இல்லை; எல்லாம் சேர்ந்த இடத்தில் ‘ரதம்’ என்று ஒரு வழக்கு. அரசன் விடவில்லை. நாகசேனர் விளக்கைக் காட்டினார்: முதல் ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல, இடைவிடாமல் எரிந்ததே தொடர்ச்சி. பெரும்பாலான கிளப்புகளுக்கு இந்தப் பதில் போதும். ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், மைதானம் மாறும், சுடர் எரியும். போரிசோவுக்குப் போதாது. அங்கே நடுராத்திரியில் விளக்கு அணைந்துவிட்டது. விடிவதற்குமுன் யாரோ வந்து ஏற்றினார்கள். இது அதே சுடரா?

இதற்கு ஆலையிடமே ஒரு பதில் இருப்பதுபோலத் தெரிந்தது. அந்த ஆலை செய்கிற சாமான்களில் முக்கியமானது ஸ்டார்ட்டர். நின்ற எஞ்சினை மறுபடி ஓடவைக்கிற கருவி. மறுபடி ஓடும் எஞ்சினைப் புது எஞ்சின் என்று யாரும் சொல்வதில்லை. கிளப் இல்லாத அந்த 12 வருஷமும் ஆலை இருந்தது. பெயர் அதனிடம் இருந்தது. ஊர் மைதானம் இருந்தது. பழைய ஆட்டங்களைப் பார்த்த கண்கள் இருந்தன. எஞ்சின் அங்கேயேதான் நின்றிருந்தது.

இந்தப் பதிலில் கொஞ்ச காலம் திருப்திப்பட்டேன். அதைக் கலைத்தது என் சொந்தக் காரியம் ஒன்று.

நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையை நண்பர்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து அதே பெயரில் மறுபடி கொண்டுவந்தோம். முதல் இதழ் என்று போட மனம் வரவில்லை. பழைய வரிசையைத் தொடர்ந்து எண் போட்டோம். பெயரின் கௌரவம் எங்களுக்கும் வரட்டும் என்ற ஆசைதான். ஒரு மாதத்தில் ஒரு கார்டு வந்தது. பத்திரிகை நின்றபோது தம் சந்தாவில் 4 இதழ் பாக்கி இருந்ததாகவும், வரிசை எண் தொடர்வதால் அவற்றை இப்போது அனுப்பலாமே என்றும் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கேலியில்லை, கோபமில்லை. நாங்கள் வெட்கப்பட்டோம். எண் எங்களுடையது என்றால் பாக்கியும் எங்களுடையதுதான். இப்படிக் கார்டு போடாதவர்கள் எத்தனை பேரோ!

அப்போதுதான் கேள்வியைத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பட்டது. அதே கிளப்பா என்பது கண்டுபிடிக்க வேண்டிய உண்மை இல்லை. ஏற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பு. வாரிசு என்கிறவன் சொத்தோடு கடனையும் வாங்கிக்கொள்கிறான். சொத்தை மட்டும் எடுத்துக்கொள்பவனுக்கு நம் ஊரில் வேறு பெயர்.

2012 அக்டோபர் 2 அன்று மின்ஸ்க்கில் பாத்தே, பாயர்ன் மூனிக்கை 3-1 என்று தோற்கடித்ததை ராத்திரி விழித்திருந்து டெலிவிஷனில் பார்த்தேன். அந்தப் பருவத்து ஐரோப்பியக் கோப்பையைக் கடைசியில் வென்றது அதே பாயர்ன்தான். ஒரு சின்ன ஊர் பெரிய பணத்தை வீழ்த்தியது என்று அந்நேரத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதே சின்ன ஊர் தன் நாட்டில் 2006லிருந்து 2018வரை தொடர்ந்து 13 தடவை சாம்பியன் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உள்நாட்டில் ஜெயித்தால் ஐரோப்பாவில் இடம். ஐரோப்பாவில் ஆடினால் பணம். அந்தப் பணத்தால் மறுபடி உள்நாட்டில் வெற்றி. மொகிலேவ், விதெப்ஸ்க் ரசிகனுக்குப் போரிசோவ்தான் பாயர்ன். எளியவன் ஜெயித்தான் என்று கைதட்டிய நான் ஒரே ஒரு ராத்திரியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முழுக் கணக்கையும் எடுக்க வேண்டும். 2014இல் ஊருக்கு வெளியே பளபளவென்று புதிய ஸ்டேடியம் கட்டினார்கள். அதே வருஷம் அக்டோபர் 21இல் அதே இடத்தில் ஷக்தார் தொனெத்ஸ்க்கிடம் 0-7. 2018 செப்டம்பரில் காப்ஸ்கி இறந்தார். 2019இல் சாம்பியன் பட்டம் திநாமோ பிரெஸ்த்துக்குப் போனது. 1974ஐ உரிமை கொண்டாடுகிறவன் இவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாக 1984ஐயும், தன்னுடையவை என்று சொல்ல வேண்டும்.

இங்கே எஞ்சின் உவமையும் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. போரிசோவ் என்ற ஊரும் தன் பெயரை விடாமல் வைத்திருக்கும் ஒன்றுதான். 1812 நவம்பரில் நெப்போலியனின் சேனை அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பெரெஸினாவைக் கடந்து அழிந்தது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் பெரும் நாசத்தைப் ‘பெரெஸினா’ என்கிறார்கள். 1941 அக்டோபரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, அந்த ஊர் யூதர்கள் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர் பிறகு எழுந்தது, ஆலை ஓடியது, கோல்கள் விழுந்தன. எந்த ஸ்டார்ட்டரும் அவர்களை எழுப்பவில்லை. கிளப்பை மீட்கலாம், பத்திரிகையை மீட்கலாம். மனிதர்களை மீட்க முடியாது என்பதனால்தான், பெயரைத் தொடர்கிறவனுக்கு அவர்களைக் கணக்கில் வைத்திருக்கும் கடமை வருகிறது. அந்தப் பாக்கியைக் கேட்டுக் கார்டு எழுத அவர்களால் முடியாது.

1974, 1976, 1979 மூன்றையும் போரிசோவுக்கே கொடுத்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்து 1999 என்று எழுதுவதற்குமுன் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘1984, கலைக்கப்பட்டது.’ பட்டியலில் அந்த வரியும் அதே எழுத்தில், அதே அளவில் வர வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு 4 இதழ்களை அனுப்பினோம். ஐந்தாவதற்கு அவரே சந்தா கட்டினார்.