தொடும் கையின் அறம்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிர்க்லாந்து நகரிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கொரோனா தொற்று புகுந்தது. மார்ச் 18 வரையில் அங்குத் தங்கியிருந்தோர் 101 பேர், பணியாளர் 50 பேர், பார்க்க வந்தோர் 16 பேர் என 167 பேருக்குத் தொற்று உறுதியானது. நோய் அறிகுறியோடு பணிக்கு வந்ததும், ஒருவரே பல இல்லங்களில் வேலை பார்த்ததும், காப்பு முறைகளில் போதிய பழக்கமின்மையும், காப்புடைகளின் பற்றாக்குறையும் அது பரவக் காரணங்களாயின என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டது. பணியாளரின் பிழைப்பு நெருக்கடி அவர்களின் இத்தகைய தவறுகளைப் பொறுக்கத்தக்கவை ஆக்குமா என்பதே இங்கு எழும் அறவினா. ஆக்காது என்பதே அதற்குரிய விடை.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் ஒரு கூறாக வைத்தார் வள்ளுவர். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை அப்பணியாளருக்கு வேண்டிய நான்கு பண்புகளுள் தூய்மையையும் ஒன்றாக எண்ணியது. 1847இல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரால் மருத்துவர்களைக் கைகழுவச் செய்தபோது, பிள்ளைபெற்ற தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. நோயாளிக்குத் தீங்கு செய்யாமையே மருத்துவமனையின் முதற்கடன் எனச் செவிலியப் பணியின் முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையார் வலியுறுத்தினார். காலத்தாலும் நிலத்தாலும் வேறுபட்ட இச்சான்றோர் அனைவரும், பேணும் கையே நோயைக் கொண்டுசெல்லலாகாது என்னும் நெறிக்கே துணை நிற்கின்றனர்.

ஒருவரின் சிறுநீர்ப் பையைக் காலி செய்த கையுறையைக் கழற்றாமலே அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு உணவூட்டினால், அக்கையுறை அணிந்தவரைக் காத்து, படுத்திருப்பவரைக் கைவிடுகிறது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் எனக் கைத்தூய்மைக்குரிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. சோப்பும் நீருமாயின் அதற்கு 40 முதல் 60 வினாடிகளே வேண்டும். நினைவு மங்கிய முதியவர் தம்மைத் தொட வருபவரிடம் கை கழுவியாயிற்றா என்று கேட்கமாட்டார். கேட்கும் ஆற்றல் அவருக்கு இல்லாததாலேயே அக்கடமை பணியாளருக்கு இருமடங்காகிறது.

குறைந்த ஊதியமும், ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பு இன்மையும் மெய்யான துன்பங்களே. அவற்றைத் தீர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. எனினும் அத்துன்பம் தவறு நேர்ந்த விதத்தை விளக்குமேயன்றி, தவற்றை அறமாக்காது. ஆகவே பணியாளர் ஒவ்வொருவரும், கண்காணிப்பவர் இல்லாத நள்ளிரவிலும், கழுவாத கையால் எவரையும் தொடுவதில்லை என உறுதி பூணல் வேண்டும். தம்மை முழுவதும் ஒப்படைத்துவிட்ட ஓர் உயிருக்கு அதனினும் குறைந்த எதுவும் கைம்மாறாகாது.